நாரை சாகும் எண்

டிசம்பர் 4, புதன்

ஜனவரி 26-க்கு இன்னும் ஐம்பத்து மூன்று நாள். அன்றைக்கு ஜெரோமை எல்லோர் முன்னாலும் தோற்கடிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கோபத்தில் எழுதினால் கோணலாக வரும் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். குறைகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தண்டபாணி அண்ணன் கடையில் எட்டுப் பேர் இருந்தோம். கோவை கணபதியில், பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கும் கேம் கடை. ஜெரோம் பெங்களூர் டீமில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக வந்திருந்தான். அவன் இணையத்தில் போட்டிருக்கும் கையேட்டைப் பற்றி ஒருவன் கேட்டான். "அத்தன நம்பரும் நீங்களே எடுத்தீங்களா ப்ரோ?" ஜெரோம் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தபடியே சொன்னான்: "வினோ டைப் அடிச்சுக் குடுத்தா."

டைப் அடித்துக் கொடுத்தேனாம்.

இரண்டு வருஷம், ஆயிரத்து நானூறு சோதனை. ஆட்டத்தில் எந்த ஆளை எந்த அடி எத்தனையில் கொல்லும், அடிபடுகிற நொடியில் கண்ட்ரோலரின் ஸ்டிக்கை எந்தப் பக்கம் சாய்த்தால் இன்னும் எவ்வளவு தாங்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நீல அட்டை நோட்டில் எழுதி வைத்தது நான். அதுதான் இப்போது நாற்பது பக்கக் கையேடாக, முகப்பில் அவன் போட்டோவோடு, அவன் பெயரில் மட்டும் உலாவுகிறது. அதைக் காட்டித்தான் பெங்களூர்க்காரர்களிடம் இடம் வாங்கினான். நவம்பரிலேயே போனில் கேட்டேன். "ரெண்டு பேர் பேரு போட்டா யாரு வேலைன்னு டீம்ல கேப்பாங்க வினோ. அடுத்த தடவ போட்டுக்கலாம்" என்றான். அன்றே அவன் நம்பரை பிளாக் செய்தேன்.

ஜனவரி 26 கோவை மாவட்டப் போட்டி. போன வருஷம் ஜெயித்தவன் என்பதால் அவனுக்கு நேரடியாக இடம் உண்டு. நான் முன்சுற்றில் ஆடித்தான் வர வேண்டும். வருவேன்.

டிசம்பர் 6, வெள்ளி

காலையில் வீட்டிலேயே கொஞ்ச நேரம் ஆடினேன். அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டே பார்த்தாள்.

"என்ன கண்ணு இது, இத்தன அடி வாங்கியும் அந்தக் கொக்கு சாவ மாட்டீங்குது?"

கொக்கு இல்லை, நாரை என்றேன். இந்த ஆட்டத்தில் அடி விழுந்தால் உயிர் குறையாது, தலைக்கு மேல் இருக்கும் எண் ஏறும் என்று விளக்கினேன். எண் ஏற ஏற அடுத்த அடியில் அதிக தூரம் பறப்போம். மிதக்கிற மேடையை விட்டு, திரையின் விளிம்பையும் தாண்டிப் போய்விட்டால் ஒரு உயிர் போச்சு. ஆளுக்கு மூன்று உயிர். கடையில் எல்லோரும் இதை 'மாடி' என்றுதான் சொல்வார்கள், பெட்டியில் போட்டிருக்கும் இங்கிலீஷ் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

"அப்ப சம்மட்டி வெச்சிருக்கானே, அவன் யாரு?"

கொல்லன். ஜெரோம் ஆடுகிற ஆள். இருப்பதிலேயே பெரிய அடி அவன் சம்மட்டிதான், இருப்பதிலேயே எடை குறைந்த ஆள் என் நாரைதான்.

"ஜெரோம் இப்பெல்லாம் வர்றதேயில்லையே" என்றாள் அம்மா. அவரைக்காய் கால் கிலோ என்ன விலை என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

டிசம்பர் 9, திங்கள்

ஜனவரி முடியும்வரை மில்லில் எனக்கு இரண்டாம் ஷிப்ட், மதியம் இரண்டு மணிக்குப் போனால் போதும். கடை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள் என்றாலும் ஏழு மணிக்கே வந்து ஆடிக்கொள்ளச் சொல்லி தண்டபாணி அண்ணன் சாவி கொடுத்திருக்கிறார். "ஃபேன நிறுத்திட்டுப் போனாச் சரி அம்மணி" என்பது மட்டும்தான் நிபந்தனை.

பிழைக்கிற வழிகளை முதலிலிருந்து மறுபடி சோதிக்கிறேன். சோதனைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் அடிக்க, இன்னொருவர் ஸ்டிக்கைச் சரியான கோணத்தில் பிடிக்க. முன்பு ஆள் இருந்தது. இப்போது காகிதங்களுக்குப் போடுகிற கிளிப்பை வைத்து ஸ்டிக்கைச் சாய்த்துக் கட்டியிருக்கிறேன்.

சம்மட்டி அடி, நாரை மேல். ஸ்டிக்கைத் தொடாமல் விட்டால் 92-ல் சாவு. பயத்தில் கை தானாக மேடைப் பக்கம் இழுக்குமே, அப்படி இழுத்தால் 90. அதாவது பயந்தால் இரண்டு புள்ளி நஷ்டம். திரையின் மேல் மூலையைப் பார்த்துச் சாய்த்தால் 106. நடுவிலிருந்து அதிக தூரம் இருப்பது மூலைதான், அதனால் அங்கே பறக்கிறவன் கடைசியாகச் சாகிறான். பழைய நோட்டில் இருக்கிற எண்ணும் இதேதான். நான் எடுத்தது தப்பாகாது.

மில்லில் என் வேலையும் ஏறக்குறைய இதுதான். நூலை மிஷினில் மாட்டி, எங்கே அறுகிறது என்று பார்த்து எழுதுவது. ஒரு தடவை இழுத்த நூலை மறுபடி மாட்டக்கூடாது, அது ஏற்கெனவே தளர்ந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் புது நூல். இங்கேயும் அப்படியே, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ரீசெட் அழுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

கிளிப் நழுவிக்கொண்டே இருக்கிறது.

டிசம்பர் 14, சனி

கிளிப்புக்குப் பதில் ஷமீமா வந்துவிட்டாள். வடகோவையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இருபத்து நான்கு வயது, சத்தமே இல்லாத பெண். அவளும் கொல்லன்தான் ஆடுவாள். மூன்று வருஷமாக முன்சுற்றில் கடைசி எட்டுக்கு ஒரு படி முன்னால் விழுந்துவிடுகிறாள். அந்த எட்டுப் பேர்தான் ஜனவரி 26 அன்று ஆடுவார்கள், பிப்ரவரியில் பெங்களூரில் நடக்கும் தென்னிந்தியப் போட்டிக்கும் போவார்கள். அங்கே இரட்டையர் பிரிவும் உண்டு, ஆனால் இரண்டு பேருமே எட்டுக்குள் இருக்க வேண்டும்.

"எனக்கு ஜோடி யாரும் இல்லக்கா" என்றாள்.

"எனக்கும்தான். எட்டுக்குள்ள வா, நாம ரெண்டு பேரும் போலாம்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் நான் ஏதோ தானம் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. உண்மையில் எனக்கு வேண்டியது நாரையை அடிக்க ஒரு கொல்லன். ஆனால் பெங்களூர் போவோம் என்று சொன்னதும் பொய்யில்லை.

டிசம்பர் 21, சனி

பிழைக்கிற வழிகள், இதுவரை:

குந்தியபடி அடி வாங்கினால் பறக்கிற தூரம் குறைகிறது, ஆனால் 60-க்கு மேல் இது உதவாது. மேடையின் கீழ்ச்சுவரில் மோதுகிற நொடியில் தடுப்பு பட்டனை அழுத்தினால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடலாம். அதற்குக் கிடைப்பது ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. இருபது தடவையில் பதினான்கு பிடித்தேன். ஜெரோம் இருபதுக்குப் பதினெட்டு பிடிப்பான்.

ஷமீமா நீல நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எண்களை மனப்பாடம் செய்கிறாளாம். திடீரென்று கேட்டாள்.

"இந்தப் பக்கமெல்லாம் வேற எழுத்தா இருக்குதேக்கா?"

"பேனா வேற" என்றேன்.

"இல்லக்கா, ஏழு எழுதறதே வேற மாதிரி..."

"பேனா வேறன்னு சொன்னேன்ல?"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நோட்டில் பாதிக்கும் கொஞ்சம் குறைவான பக்கங்கள் அப்படி இருக்கும். எண்ணிப் பார்த்ததில்லை.

டிசம்பர் 25, புதன்

வருஷா வருஷம் ஜெரோம் வீட்டிலிருந்து கேக் வரும். இந்த வருஷமும் அவன் அம்மா கொடுத்தனுப்பியிருக்கிறார். நான் தொடவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

ஒரு துண்டு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதனால் எதுவும் மாறிவிடாது.

ஜனவரி 2, வியாழன்

இன்று ஒரு விசித்திரம். ஷமீமாவோடு நிஜ ஆட்டம் ஆடினேன். என் எண் 115-ல் இருக்கும்போது சம்மட்டி முழுசாக விழுந்தது. செத்தேன் என்று கண்ட்ரோலரைக் கீழே வைக்கப் போனேன். நாரை மூலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"நூத்தியாறுல போயிருக்கணுமேக்கா?" என்றாள் ஷமீமா.

"நீ அடிச்சது நுனியில பட்டிருக்கும்."

"நடுவுலதான் பட்டுச்சு."

"அப்ப நான் நல்லாச் சாய்ச்சிருக்கேன்னு வெச்சுக்கோ." இருவரும் சிரித்தோம்.

ஜனவரி 9, வியாழன்

தெரிந்துவிட்டது.

ஷமீமாவுக்குக் கடையில் ஸ்டாக் எடுக்கிற நாள், வரவில்லை. நான் கிளிப்பை எடுத்து மாட்டினேன். பழைய கண்ட்ரோலர், ரீசெட் பட்டன் அமுங்கி உள்ளேயே மாட்டிக்கொண்டது. தண்டபாணி அண்ணன் வரட்டும் என்று சும்மா இருக்க மனமில்லாமல், ரீசெட் செய்யாமலே அடித்துக்கொண்டு போனேன். முதல் சம்மட்டி: 106-ல் சாவு. இரண்டாவது: 109. மூன்றாவது: 113. நான்காவது: 117. ஐந்தாவது: 121.

ஆட்டத்தை முழுசாக அணைத்துப் போட்டேன். மறுபடி அடித்தேன். அதே எண்கள்.

போனில் அக்டோபர் மாத மாற்றங்களின் பட்டியலைத் தேடினேன். இருநூறு வரி. நூற்று அறுபதாவது வரிக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று: ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அதன் வலு படிப்படியாகக் குறையும், வேறு அடிகள் அடித்தால் மெல்ல மீளும். அந்தப் பட்டியல் வந்த வாரம்தான் நாங்கள் எல்லா எண்ணையும் மறுபடி எடுத்தோம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ரீசெட் போட்டு எடுத்தோம். எங்களுக்கு எல்லா அடியும் முதல் அடிதான். நிஜ ஆட்டத்தில் எவன் வந்து ரீசெட் போடுவான்?

"ஒவ்வொரு தடவையும் ரீசெட் எதுக்கு, அப்படியே அடிச்சுப் பாப்பமே" என்று அப்போது ஒருவன் சொன்னான். சோதனை என்றால் என்னவென்று தெரியாமல் பேசாதே என்று நான் கத்தினேன். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதிவிட்டேன்.

முக்கியமான விஷயம் இதுதான். கையேடு தப்பு. அதில் இருக்கிற ஒவ்வொரு சாவு எண்ணும் நிஜ ஆட்டத்துக்குப் பொருந்தாது. ஜெரோம் அதை நம்பித்தான் ஆடுகிறான். அவன் ஆட்டங்களைப் பார்க்கிறேனே, எதிராளியின் எண் பட்டியலில் உள்ள இடத்துக்கு வரும்வரை காத்திருந்து, வந்ததும் சம்மட்டியைத் தூக்குவான். எதிராளி தப்பித்தால் தன் கை பிந்திவிட்டது என்று தலையில் தட்டிக்கொள்வான்.

திருடிய நோட்டே அவனைக் கவிழ்க்கப் போகிறது. இன்று மில்லில் நாள் முழுக்க நான் சிரித்த முகமாக இருந்தேனாம், சூப்பர்வைசர் அக்கா வீட்டில் ஏதும் விசேஷமா என்று கேட்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

திட்டம் இதுதான். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, எண் குறைவாக இருக்கும்போது, வேண்டுமென்றே சம்மட்டிக்கு எதிரில் போய் நிற்பது. கேடயத்தில், அதாவது தடுப்பு பட்டனை அழுத்தியபடி, வாங்கினாலும் சம்மட்டியின் வலு தேய்கிறது, சோதித்துவிட்டேன். நான்கு அடி வாங்கித் தேய்த்துவிட்டால் 106 என்பது 121 ஆகிவிடும். இடையில் இருக்கிற பதினைந்து புள்ளியும் எனக்குச் சொந்தம். அவன் கொன்றுவிட்டதாக நினைத்துத் திரும்பும் இடத்தில் நான் உயிரோடு இருப்பேன்.

ஷமீமாவிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். குக்கரில்தான் வைத்தோம், அம்மாவுக்குப் புகை ஒத்துக்கொள்வதில்லை. அடுப்படி முழுக்கத் துடைத்தேன், அலமாரியில் பழைய தாள் எடுத்துப் புதுத் தாள் போட்டேன். ஷமீமா வீட்டுக்கு ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கதவுக்குப் பின்னால் பட்டியலை ஒட்டி வைத்திருக்கிறாள், நாற்பது ஆளின் சாவு எண்ணும் சிவப்பு ஸ்கெட்சில். பார்க்காமல் ஒப்பித்துக் காட்டினாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

"சூப்பர்" என்றேன்.

ஜனவரி 17, வெள்ளி

ஞாயிறு அன்று முன்சுற்று. ஷமீமாவிடம் சொல்லலாமா என்று இன்று முழுக்க யோசித்தேன். சொன்னால் அவள் சம்மட்டி அடிக்கிற நேரம் மாறும். அவளும் கொல்லன். ஜெரோம் அன்றைக்கு வேடிக்கை பார்க்க வருவான், இன்னொரு கொல்லன் பட்டியலை மீறி ஆடுகிறாள் என்றால் அவன் கண்ணுக்குத் தப்பாது. அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவான். அவன் மூளை அப்படி.

அவள் எப்படியும் ஜெயிப்பாள், முன்னைவிட எவ்வளவோ தேறியிருக்கிறாள். ஜெயித்த பிறகு 26-ஆம் தேதி சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லி, பெங்களூருக்கு இரண்டு பேரும் புதுப் பட்டியலோடு போகலாம். இன்னும் ஒன்பது நாள்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

நான் எட்டுக்குள் வந்துவிட்டேன். ஒரு ஆட்டமும் தோற்கவில்லை.

ஷமீமா கடைசிப் படி வரை வந்தாள். எதிரில் ஒரு பையன், ஆமை ஆடுகிறவன். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து மூன்றாவது ஆட்டம். நடுவில் ஒரு நிமிஷம் இடைவேளை விட்டார்கள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் திரும்பிக் கேட்டாள்.

"ஆமைக்கு நூத்திப் பதினெட்டுதானேக்கா?"

"ஆமா" என்றேன்.

வேறென்ன சொல்வது. ஜெரோம் நான்கடி தள்ளி நின்றிருந்தான்.

கடைசி உயிர். ஆமை 118 வந்தது. அவள் ஒரு புள்ளிகூட அவசரப்படவில்லை, 119-ல் அடித்தாள். அதற்குள் சம்மட்டியை ஐந்தாறு தடவை பயன்படுத்தியிருந்தாள். ஆமை பறந்தது, திரும்பி வந்தது. சம்மட்டி அடித்தால் கொல்லன் மூச்சு வாங்குவானே, அந்த இடைவெளியில் அவளை விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டது. முடிந்தது.

"கரெக்டா அடிச்சேனேக்கா" என்றாள். அழவில்லை. "எங்க தப்புப் பண்ணேன்னே தெரியல."

"பதட்டத்துல சாய்ச்சு அடிச்சிருப்ப" என்றேன்.

ஜெரோம் அவளிடம் வந்து, "நல்லாத்தான் ஆடுன. கை கொஞ்சம் லேட்டாயிருக்கும்" என்றான். என்னையும் பார்த்தான். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

தலைவலி. மில்லில் எட்டு சாம்பிள் தப்பாக எழுதி, கிழித்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

ஜனவரி 22, புதன்

ஷமீமா இன்றும் ஏழு மணிக்கு வந்துவிட்டாள். எட்டில் இல்லாவிட்டால் என்ன, உங்களுக்கு அடிக்க ஒரு கொல்லன் வேண்டுமே என்கிறாள். வராதே என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் ஆள் தேவை. இன்று கேடயத்தில் வாங்குவதை மட்டும் அறுபது தடவை பழகினேன். "எதுக்குக்கா போய்ப் போய் வாங்கறீங்க?" என்று கேட்டாள். பயம் போவதற்கு என்றேன்.

ஜனவரி 26, ஞாயிறு

பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடையில் இரண்டு நாற்காலி, பின்னால் பெரிய திரை. முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். நாங்கள் இருவரும் இறுதிக்கு வருவோம் என்று எல்லோருக்கும் தெரியும், வந்தோம். ஐந்தில் மூன்று ஜெயிக்க வேண்டும்.

முதல் ஆட்டம் அவனுக்குப் போனது. மூலைக்குச் சாய்ப்பதற்குப் பதில் இரண்டு தடவை மேடைப் பக்கம் இழுத்தேன். பயந்தால் இரண்டு புள்ளி நஷ்டம் என்று எழுதினவளே நான்தான்.

இரண்டாவது ஆட்டத்திலிருந்து திட்டத்தை ஆரம்பித்தேன். நேராகச் சம்மட்டிக்கு எதிரில் போய் நின்று கேடயத்தில் வாங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டத்தில் யாரோ, "என்னடா இது, அடி வாங்கப் போற மாதிரியே போகுது நாரை" என்று கத்தினான். நான்கு. என் எண் ஏறியது. 98. 103. ஜெரோம் அடிப்பதை நிறுத்தினான். காத்திருக்கிறான் என்று தெரிந்தது. இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவன் மூச்சு மாறுவதே எனக்குத் தெரியும். சின்ன உதை ஒன்று விட்டான். 107. உடனே சம்மட்டி.

மூலைக்குச் சாய்த்தேன். நாரை பறக்கும்போதே கொல்லன் நெற்றி வியர்வையைத் துடைத்தான். ஜெயித்தவன் எதிராளியைக் கிண்டல் செய்ய அழுத்துகிற பட்டன் அது. துடைத்து முடிக்குமுன் நான் திரும்பி வந்து அவனை விளிம்புக்குக் கீழே உதைத்துத் தள்ளினேன். மண்டபமே எழுந்து நின்றது.

அதே மாதிரி மூன்றாவது ஆட்டத்தில் 108-ல். நான்காவதில் 106-லேயே அடித்தான், நான் திரும்பி வந்தேன், மறுபடி 112-ல் அடித்தான், மறுபடி வந்தேன். அவன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான். தன் கையைச் சந்தேகப்பட்டானே தவிர எண்ணைச் சந்தேகப்படவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும். உடம்பெல்லாம் குளிர்ந்தது. மூன்றுக்கு ஒன்று. ஜெயித்தேன்.

மேடையில் கை கொடுக்க வந்தவன் கையை விடாமலே கேட்டான்.

"வினோ, நூத்தியேழு. மூலைக்கே சாய்ச்சாலும் நாரை போயிருக்கணும். நம்ம டேபிள்ல நம்பர் தப்பா?"

கையை உருவப் பார்த்தேன்.

"இருக்காதே" என்று அவனே சொல்லிக்கொண்டான். "நெட்ல போடறதுக்கு முன்னாடி என் எழுத்துல இருந்த பக்கமெல்லாம் மறுபடி செக் பண்ணேன். ஒவ்வொண்ணும். உன் எழுத்துல இருந்தத மட்டும் பண்ணல. நீ எடுத்தா தப்பாகாதுன்னு அப்படியே விட்டேன்."

"ரீசெட்" என்றேன். "ஒரே அடிய அடிக்க அடிக்கத் தேயுது. அக்டோபர்ல இருந்து."

இரண்டு வினாடி யோசித்தான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். "நாம ஒவ்வொண்ணுக்கும் ரீசெட் போட்டோம். அய்யோ, என் பக்கத்தையும் ரீசெட் போட்டேதான் செக் பண்ணேன். செம வினோ." கோபமே இல்லை. தோற்றவன் முகத்தில் இருக்க வேண்டிய எதுவும் அவன் முகத்தில் இல்லை. இதற்காகவா ஐம்பத்து மூன்று நாள்.

"அன்னிக்குக் கடையில சொன்னது என் தப்பு" என்றான் அடுத்து. "டைப் அடிச்சான்னு சொன்னது. வாயில வந்திருச்சு. நாளைக்கே சரி பண்ணிடறேன்."

திரும்பினேன். ஷமீமா என் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் நின்றிருந்தாள். பாட்டிலை என் கையில் கொடுத்தாள். "கங்கிராட்ஸ்க்கா" என்றாள். நான் குடித்து முடித்துப் பார்த்தபோது ஆளைக் காணோம்.

ஜனவரி 27, திங்கள்

ஜெரோம் சொன்னபடி செய்துவிட்டான். அடி தேய்கிற விஷயத்தைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே சேர்த்திருக்கிறான். முகப்பில் அவன் போட்டோ இல்லை. "அட்டவணையும் திருத்தமும்: வினோதினி. சோதனையில் உதவி: ஜெரோம்" என்று போட்டிருக்கிறான். 'உதவி' என்று போட்டிருக்க வேண்டாம். பாதிப் பக்கம் அவன் எழுத்து, பாதிச் சோதனைக்கு அவன்தான் ஸ்டிக்கைப் பிடித்தான். காய்ச்சலோடு வந்து பிடித்த நாளும் உண்டு. இதையெல்லாம் இந்த நோட்டில் எங்கேயும் நான் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

மதியத்துக்குள் நானூறு பேர் பார்த்திருக்கிறார்கள். மும்பையிலிருந்து ஒருவர் என்னைப் பேட்டி எடுக்க வேண்டும் என்கிறார். டிசம்பர் 4 அன்று நான் கேட்டது இதைத்தான். இதைவிட அதிகமாகவே கிடைத்திருக்கிறது.

பதினொரு மணிக்கு ஷமீமா அதன் கீழே எழுதினாள். ஒரே வரி.

"இது எந்தத் தேதில தெரிஞ்சுதுக்கா?"

வாழ்த்துகளுக்கு நடுவில் அது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணில் வேறெதுவும் படவில்லை. அரை மணி நேரத்தில் ஜெரோம் போன் செய்தான். காலையில்தான் பிளாக்கை எடுத்திருந்தேன்.

"ஷமீ கேட்டிருக்கா பாத்தியா? நேத்து மேட்ச் நடுவுலதான் தட்டுப்பட்டுச்சுன்னு நான் பதில் போட்டுடறேன். யாருக்குத் தெரியப் போகுது? மேடையில இருந்தது நாம ரெண்டு பேருதான்."

அவனுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. கேடயத்தில் நான்கு அடி வாங்கியவள் முன்பே தெரிந்துதான் வாங்கினாள் என்று அவனுக்கா தெரியாது. தெரிந்தே எனக்காகப் பொய் சொல்ல வருகிறான், அதுவும் அன்போடு. ஒருத்தி உழைப்பை எடுத்துக்கொண்டு சிரித்தவன் அவன். ஒருத்தி உழைப்பைத் தெரிந்தே குழியில் தள்ளிவிட்டு, பின்னால் நின்று 'ஆமா' என்றவள் நான். அவன் செய்ததைவிட இது மோசம், எந்தப் பட்டியலும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

"நீ போடாத" என்றேன். வைத்துவிட்டேன்.

என் பெயரில் எழுதினேன்: "ஜனவரி 9, வியாழக்கிழமை காலை."

மில்லுக்குக் கிளம்பும்வரை போனைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தேன். பஸ்ஸில்தான் எடுத்துப் பார்த்தேன். ஷமீமா எதுவும் எழுதவில்லை. அவள் கேள்விக்குக் கீழே தண்டபாணி அண்ணன் எழுதியிருந்தார். "19-ஆம் தேதி அந்தப் புள்ள ஆடறப்ப நீ சேருக்குப் பின்னாடிதான அம்மணி நின்னுட்டிருந்த?"

ஆமாம் என்று எழுதினேன்.